பெண் ஜோஜோபா செடிகளின் திசு வளர்ப்பு: வேர்விடாமையின் காரணம் தேடிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

சிமண்ட்சியா சைனென்சிஸ் என்ற தாவரவியல் பெயர் கொண்ட ஜோஜோபா, ஆண்டு முழுவதும் இலை தாங்கி நிற்கும் கட்டைத் தண்டுப் புதர்ச்செடி. பெயரில் சீனா இருந்தாலும் அதன் தாயகம் அமெரிக்காவின் அரிசோனா, கலிபோர்னியா மாநிலங்களிலும் மெக்சிகோவின் வடமேற்கிலும் பரந்து கிடக்கும் சொனோரன் பாலைவனம். விதையின் எடையில் ஏறத்தாழப் பாதி, எண்ணெய் என்று வழங்கப்படும் திரவ மெழுகு. மற்றத் தாவர எண்ணெய்களைப் போல அது கிளிசரைடு அன்று. நீண்ட சங்கிலிக் கொழுப்பு அமிலமும் நீண்ட சங்கிலி ஆல்கஹாலும் சேர்ந்த எஸ்டர். இந்த அமைப்பினால்தான் 1970களில் திமிங்கில எண்ணெய்க்கு மாற்றாக இச்செடியின் மீது கவனம் விழுந்தது. இன்று அழகுப் பொருள்களுக்கும் மசகுப் பொருள்களுக்கும் அது பயிரிடப்படுகிறது.

பயிரிடுவோரின் பெரிய இடர் செடியின் பாலினம். ஆணும் பெண்ணும் தனித்தனிச் செடிகள். விதையிலிருந்து வளர்த்தால் ஏறத்தாழப் பாதி ஆணாக வரும். பூக்கும் வரை, அதாவது பொதுவாக மூன்று ஆண்டுகளோ அதற்கு மேலோ, எது ஆண் எது பெண் என்று தெரியாது. பெண் செடிகளுக்குள்ளும் காய்ப்பில் பெரும் வேறுபாடு உண்டு. மகரந்தம் காற்றில் பரவுவதால், நிலத்தில் ஆண் செடிகள் சிறு பங்கு இருந்தால் போதும். ஆகவே நன்கு காய்க்கும் பெண் செடி ஒன்றை அப்படியே படியெடுக்க வேண்டும் என்ற தேவை எழுகிறது. தண்டுத் துண்டுகளை வேர்விடச் செய்து நடலாம் என்றாலும், அது பருவத்தைச் சார்ந்தது. தாய்ச்செடி தரக்கூடிய துண்டுகளின் எண்ணிக்கையும் குறைவு.

இந்தத் தேவைக்காக, செடியின் சிறு துண்டுகளைக் குப்பிக்குள் வளர்த்துக் கன்றுகளாக்கும் சிறிய திசு வளர்ப்புக் கூடம் ஒன்று மூன்று பெண் தாய்ச்செடிகளைப் பெருக்க முனைந்தது. குழுத்தலைவர் ஒருவர், வளர்ப்புப் பணி செய்யும் இரு உதவியாளர்கள், பசுமைக்குடிலைக் கவனிக்கும் ஒருவர் ஆகியோர் அடங்கிய குழு அது. பதிவேடுகளைப் படித்து, காரணங்களைத் தேடி, இரண்டாம் கட்டச் சோதனைகளை வகுக்கும் பொறுப்பு எனக்கு வாய்த்தது. வேர்விடும் கட்டத்தில் தோன்றிய குறையின் காரணம் அக்கட்டத்தில் இல்லாமல் பல மாதங்களுக்கு முன்னரே இருந்தது என்பதைக் கண்டறிய எங்களுக்கு நெடுங்காலம் பிடித்தது. வேறு கட்டைத் தாவரங்களில் பணி செய்வோருக்கும் இது பயன்படும் என்பதால் முழுமையாகப் பதிவு செய்கிறேன்.

தொடக்கம்: தொற்றும் பழுப்பேறுதலும்

ஜோஜோபாவில் இலைகள் எதிரெதிராக அமைவதால் ஒவ்வொரு கணுவிலும் இலைக்கும் தண்டுக்கும் இடையே இரு கோண மொட்டுகள் கிடைக்கும். ஒரு கணு கொண்ட தண்டுத் துண்டுகளே பிரிகூறுகள், அதாவது வளர்ப்பைத் தொடங்க எடுக்கும் துண்டுகள். அவற்றை ஓடும் நீரில் கழுவி, 70 சதவீத எத்தனாலில் அரை நிமிடமும், மருந்து நன்கு படிய உதவும் டுவீன் சில துளி கலந்த சோடியம் ஹைப்போகுளோரைட்டில் கால் மணி நேரமும் வைத்து, நுண்ணுயிர் நீக்கிய நீரில் மும்முறை அலசுவது நடைமுறை. இளந்தண்டின் மீதுள்ள மெல்லிய உரோமங்களுக்கிடையே காற்றுக் குமிழ்கள் தங்கிவிடுகின்றன. அங்கே மருந்து படாது. குலுக்கிக்கொண்டே இருந்தால்தான் பயன்.

திறந்த வெளியில் நின்ற தாய்ச்செடிகளிலிருந்து எடுத்த முதல் தொகுதியில் பாதிக்கும் மேற்பட்ட குப்பிகள் பூஞ்சையாலும் பாக்டீரியாவாலும் வீணாயின. மெர்க்குரிக் குளோரைடு பயன்படுத்தலாம் என்ற கருத்து எழுந்தபோது குழுத்தலைவர் மறுத்தார். கையாள்வோரின் உடல்நலத்துக்கும், கழிவை அகற்றும் இடத்துக்கும் அது தரும் கேடு, மீட்கக்கூடிய துண்டுகளின் மதிப்பை விட அதிகம் என்பது அவருடைய வாதம். அவர் முடிவு சரி என்றே இன்றும் கருதுகிறேன். தாய்ச்செடிகளைக் கவாத்து செய்து, மழை படாத கூரையின் கீழ் வைத்து, இலையை நனைக்காமல் வேரடியில் மட்டும் நீர் விட்டு, ஆறு வாரம் கழித்துப் புதுத்துளிரிலிருந்து துண்டுகள் எடுத்தபோது தொற்று வெகுவாகக் குறைந்தது. மருந்தை வலுவாக்கியிருந்தால் இந்தப் பலன் கிடைத்திராது. ஏனெனில் பாதித் தொற்று, திசுவுக்குள் குடியிருந்து இரண்டு மூன்று வாரம் கழித்துத் துண்டின் அடியில் வெண்மேகம் போல் கலங்கித் தெரியும் வகையைச் சேர்ந்தது. அத்தகைய உயிரிகளை மேற்பரப்பு மருந்து எட்டுவதில்லை.

வெட்டிய முனையிலிருந்து கசியும் பீனால்கள் காற்றுப் பட்டுப் பழுப்பேறி, துண்டு வளரும் ஊட்டச்சத்து ஊடகத்தையும் திசுவையும் நஞ்சாக்கின. துண்டுகளை வெட்டியவுடன் அஸ்கார்பிக் அமிலமும் சிட்ரிக் அமிலமும் கலந்த கரைசலில் இடுவதும், முதல் மூன்று நாள் இருளில் வைப்பதும், மூன்றாம் நாளும் பத்தாம் நாளும் புதிய ஊடகத்துக்கு மாற்றுவதும் இதற்குப் போதுமாயின. அஸ்கார்பிக் அமிலம், நீராவியால் நுண்ணுயிர் நீக்கும் ஆட்டோகிளேவ் வெப்பத்தில் சிதையும் என்பதால் அதை வடிகட்டியே சேர்க்க வேண்டும்; தொடக்கத்தில் ஓர் உதவியாளர் அதை ஆட்டோகிளேவிலேயே இட்டுவிட்டதால் ஒரு தொகுதி முழுதும் பழுப்பேறிப் போனது.

பெருக்கக் கட்டத்தில் கண்டவை

உயிர்த்த துண்டுகள் எம்.எஸ். ஊடகத்துக்குச் சென்றன. 1962ஆம் ஆண்டில் முராஷிகியும் ஸ்கூக்கும் புகையிலைத் திசுவுக்காக வகுத்த இந்த உப்புக்கலவை, எல்லாத் தாவரங்களுக்கும் முதலில் கை நீளும் கலவையாக நிலைத்துவிட்டது. லிட்டருக்கு 1650 மி.கி. அம்மோனியம் நைட்ரேட்டும் 1900 மி.கி. பொட்டாசியம் நைட்ரேட்டும் கொண்ட அதில் நைட்ரஜன் மொத்தம் 60 மில்லிமோல். கால்சியம் 3 மில்லிமோல் மட்டுமே. இதனுடன் லிட்டருக்கு 30 கிராம் சுக்ரோஸ், 7 கிராம் அகார், தளிர் தூண்டும் சைட்டோகைனின் வகை ஹார்மோனான பென்சைல் அடினைன் 2 மி.கி. சேர்த்து, பி.எச். 5.8க்குச் சரிசெய்து, குப்பிகளை இறுக மூடி, மூடியின் விளிம்பில் பாரஃபின் நாடாவும் சுற்றி, 25 பாகை செல்சியஸில் நாளுக்கு 16 மணி நேர ஒளியில் வைத்தார்கள்.

முதல் துணைவளர்ப்பில், அதாவது தளிர்களைப் புதிய ஊடகத்துக்கு மாற்றி வளர்க்கும் சுற்றில், மொட்டுகள் நன்றாகவே விரிந்தன. மூன்றாம் துணைவளர்ப்பு முடிவதற்குள் பதிவேட்டில் மூன்று குறைகள் திரும்பத் திரும்ப இடம்பெறத் தொடங்கின. தளிர்களில் ஒரு பகுதி கண்ணாடி போல் ஒளி ஊடுருவும்படி நீர்கோத்து, இலை தடித்து, தொட்டால் முறியும் நிலையில் இருந்தது. அடிப்பகுதியில் கேலஸ் எனப்படும் உருவமற்ற வெளிர்பச்சைத் திசுத்திரள் உருவானது. மூன்றாவது குறைதான் எல்லாவற்றிலும் கொடியது: மூன்றாம் வாரத்தில், அதுவரை நலமாக வளர்ந்த தளிரின் நுனி மொட்டும் மேலுள்ள இளம் இலைகளும் பழுத்து, கருகி, காய்ந்தன. கீழுள்ள முதிர்ந்த இலைகள் பச்சையாகவே இருந்தன. நுனி செத்ததும் பக்க மொட்டுகள் கிளைத்தன. சில நாளில் அவற்றின் நுனியும் கருகியது. வேர்விடத் தேவையான, இரண்டு சென்டிமீட்டர் நீளமுள்ள நேரான தளிர்கள் அரிதாகின.

ஹார்மோனை மாற்றிய நான்கு மாதங்கள்

வேர் தூண்டும் ஹார்மோனான ஆக்சினுக்கும் சைட்டோகைனினுக்கும் உள்ள விகிதமே வேரா தளிரா என்பதைத் தீர்மானிக்கிறது என்று ஸ்கூக்கும் மில்லரும் 1957இல் காட்டியது முதல், திசு வளர்ப்பில் எந்தக் குறை கண்டாலும் முதலில் ஹார்மோன் அளவையே மாற்றிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. குழுவும் அதையே செய்தது. தளிர் எண்ணிக்கை குறைகிறதே என்று பென்சைல் அடினைனை 4 மி.கி.க்கு உயர்த்தினார்கள். எண்ணிக்கை உயர்ந்தது, ஆனால் தளிர்கள் குட்டையாகி ரோஜா இதழ்போல் நெருங்கின, நீர்கோத்தலும் கூடியது. நீளட்டும் என்று ஜிப்பெரலின் சேர்த்தார்கள். தளிர்கள் நூல்போல் நீண்டு வெளிறின. சிறிதளவு ஆக்சின் கலந்தபோது கேலஸ் பெருத்தது. நுனிக்கருகல் மட்டும் எந்த மாற்றத்துக்கும் அசையவில்லை.

இந்த நான்கு மாதங்களில் வீணானவை குப்பிகள் மட்டுமல்ல, பதிவுகளும்தான். மூன்று தாய்ச்செடிகளின் வழித்தளிர்களும் அடையாளமின்றிக் கலந்து வைக்கப்பட்டிருந்தன. ஒரே சமயத்தில் இரண்டு பொருள்களின் அளவு மாற்றப்பட்டது. ஒப்பிடுவதற்கு மாற்றாத குப்பிகள் எதுவும் நிறுத்தி வைக்கப்படவில்லை. மாற்றிய முதல் துணைவளர்ப்பிலேயே விளைவு எண்ணப்பட்டது. தளிர் முந்தைய ஊடகத்திலிருந்து சுமந்து வந்த உப்பையும் ஹார்மோனையும் கொண்டு முதல் நான்கு வாரம் ஓட்டிவிடும் என்பதால் அந்த எண்ணிக்கைக்குப் பொருளில்லை. உழைப்பு குறைவாக இருந்தது என்று யாரும் சொல்ல முடியாது. நாள்தோறும் எட்டு மணி நேரம், தூய காற்று வீசும் லேமினார் மேடையின் முன் அமர்ந்து அவர்கள் வெட்டிய தளிர்களின் கணக்கைப் பார்க்கும்போது எனக்கு மனம் வலித்தது. அந்த உழைப்பிலிருந்து ஒரு விடையைக்கூடப் பிரித்தெடுக்க முடியவில்லை.

திருப்பம்: மூடி இறுகாத குப்பிகள்

உதவியாளர்களில் இளையவர் பதிவேட்டின் ஓரத்தில் ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தார்: பாரஃபின் நாடா தீர்ந்துபோன ஒரு வாரத்தில், நாடா சுற்றாமலும் பழைய தேய்ந்த மூடிகள் போட்டும் வைத்த குப்பிகளில் நுனி கருகவில்லை. அக்குப்பிகளில் சிலவற்றில் தொற்றும் நுழைந்திருந்ததால், அந்தத் தொகுதி முழுவதுமே கணக்கிலிருந்து தள்ளப்பட்டிருந்தது. ஏன் தள்ளினீர்கள் என்று கேட்டபோது, நடைமுறைப்படி மூடாதவை என்பதால் அவற்றை ஒப்பிடக் கூடாது என்று நினைத்ததாகச் சொன்னார். இந்த நிகழ்வில் மிக மதிப்புள்ள கண்டறிதல் அவருடையது.

குறிப்பைப் படித்த பிறகு செடியின் அறிகுறிகளை வரிசையாக வைத்துப் பார்த்தோம். கருகுவது இளம் திசு. முதிர்ந்த இலைக்கு ஒன்றும் இல்லை. நைட்ரஜனோ மக்னீசியமோ குறைந்தால் செடி முதிர்ந்த இலையிலிருந்து அதை எடுத்து இளந்துளிருக்குத் தரும்; ஆகவே அக்குறை கீழ் இலையில் முதலில் தெரியும். கால்சியம் அப்படி இடம் மாறாது. உணவைக் கடத்தும் புளோயம் வழியே அது ஏறக்குறைய நகர்வதே இல்லை. நீரைக் கடத்தும் சைலம் வழியே நீரோட்டம் இழுக்கும் இடத்துக்குத்தான் போய்ச் சேரும். நீரோட்டத்தை இழுப்பது இலையின் நீராவிப்போக்கு. இறுக மூடிய குப்பிக்குள் ஈரப்பதம் நூறு சதவீதத்தை ஒட்டியே இருக்கும். நீராவிப்போக்கு ஏறத்தாழ நின்றுவிடும். ஊடகத்தில் கால்சியம் இருந்தாலும் நுனிக்கு அது ஏறாது. வறண்ட காற்றில் வாழப் பழகிய பாலைவனப் புதரை நீராவி நிறைந்த கண்ணாடிக்குள் அடைத்துவிட்டு, அதற்கு ஹார்மோன் போதவில்லையோ என்று நாங்கள் தேடிக்கொண்டிருந்தோம்.

நீர்கோத்தலையும் இதே கோணத்தில் விளங்கிக்கொள்ள முடிந்தது. மூடிய குப்பியின் ஈரம், அதில் தேங்கும் எத்திலீன் வாயு, மிகுதியான சைட்டோகைனின், மிகுதியான அம்மோனியம் ஆகிய நான்குமே நீர்கோத்தலைத் தூண்டுவன. எங்கள் குப்பிகளில் நான்கும் ஒருங்கே இருந்தன.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

முதல் முடிவு, ஹார்மோன் சோதனைகளை முழுமையாக நிறுத்துவது. இரண்டாவது, மூன்று வழித்தளிர்களையும் புதிய துண்டுகளிலிருந்து மறுபடி தொடங்கி, தனித்தனி நிறப் பட்டையுடன் பிரித்து வைப்பது. அதற்கு இரண்டு மாதம் பிடிக்கும் என்பதால் எதிர்ப்பு இருந்தது. ஆனால் கலந்த தளிர்களில் மேலும் எத்தனை மாதம் உழைத்தாலும் பயன் இராது என்பதைக் குழுத்தலைவரே எடுத்துச் சொல்லி ஒப்புக்கொள்ளச் செய்தார்.

அடுத்து, நான்கு வகைக் குப்பிகள் வைத்து ஒரு சிறு சோதனை அமைத்தோம்: இறுகிய மூடியும் 3 மில்லிமோல் கால்சியமும், இறுகிய மூடியும் 6 மில்லிமோல் கால்சியமும், வடிகட்டிச் சவ்வு ஒட்டிய காற்றோட்ட மூடியும் 3 மில்லிமோலும், காற்றோட்ட மூடியும் 6 மில்லிமோலும். ஒவ்வொரு வழித்தளிருக்கும் ஒவ்வொரு வகையிலும் பத்துக் குப்பிகள், குப்பிக்கு நான்கு தளிர்கள். முதல் இரண்டு துணைவளர்ப்புகளின் எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டாலும் முடிவுக்கு எடுத்துக்கொள்வதில்லை, மூன்றாவதையே கணக்கில் எடுப்பது என்று முன்கூட்டியே எழுதி வைத்தோம்.

கால்சியத்தை எந்த உப்பாகச் சேர்ப்பது என்பதில் சற்று யோசிக்க வேண்டியிருந்தது. கால்சியம் குளோரைடு எளிதில் கிடைக்கும். ஆனால் ஒரு கால்சியத்துடன் இரண்டு குளோரைடு உள்ளே வரும், அதன் மிகுதி கட்டைத் தாவரத் தளிர்களுக்கு ஒவ்வாது. வால்நட் கலப்பின அடிக்கன்றுகளுக்காக 1984இல் டிரைவரும் குனியுகியும் வகுத்த ஊடகத்தில் கால்சியம் எம்.எஸ். ஊடகத்தைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு. அதில் பெரும்பகுதி நைட்ரேட்டாகவே வருகிறது. அவ்வழியைப் பின்பற்றி லிட்டருக்கு 708 மி.கி. கால்சியம் நைட்ரேட் டெட்ராஹைட்ரேட் சேர்த்தோம். நைட்ரஜன் அதனால் ஏறிவிடாதிருக்கவும், அம்மோனியம் குறையவும், அம்மோனியம் நைட்ரேட்டைப் பாதியாக, 825 மி.கி. ஆகக் குறைத்தோம். மொத்த நைட்ரஜன் 60 மில்லிமோலிலிருந்து ஏறத்தாழ 45 ஆயிற்று. இந்த நைட்ரஜன் மாற்றத்தை உயர் கால்சியக் குப்பிகளில் மட்டும் செய்ததனால் அவற்றில் இரண்டு காரணிகள் பிணைந்துவிட்டன. இக்குறையைப் பின்னர் பேசுகிறேன். கால்சியம் நைட்ரேட்டைச் சல்பேட், பாஸ்பேட் உப்புகளின் இருப்புக் கரைசலோடு ஒரே பாட்டிலில் வைக்கக் கூடாது. வெண்படிவாக இறங்கி, சேர்த்த கால்சியம் ஊடகத்துக்கே வராமல் போகும்.

மலை லாரல் என்னும் புதருக்காக 1980இல் லாயிடும் மெக்கவுனும் வகுத்த மரத்தாவர ஊடகத்தையும் ஓரமாக வைத்துப் பார்த்தோம். அதில் நைட்ரஜன் எம்.எஸ். ஊடகத்தின் கால்பங்கு. நீர்கோத்தல் முற்றிலும் நின்றது, ஆனால் தளிர்கள் மஞ்சளித்து வளர்ச்சி நின்றதால் அதைத் தொடரவில்லை.

என்ன நடந்தது

மூன்றாம் துணைவளர்ப்பின் முடிவில் வேறுபாடு கண்ணுக்கே தெரிந்தது. இறுகிய மூடியில் கால்சியத்தை மட்டும் கூட்டியதால் நுனிக்கருகல் சிறிதே குறைந்தது. பழைய ஊடகத்தை வைத்துக்கொண்டு மூடியை மட்டும் மாற்றியதில் பாதியாகக் குறைந்தது. இரண்டும் சேர்ந்த குப்பிகளில் கருகிய நுனியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. நீர்கோத்த தளிர்களும் அங்கே மிகக் குறைவு. கால்சியம் நீரோட்டத்தோடு மட்டுமே ஏறும் என்ற கருத்து சரியானால், இந்த வரிசையில்தான் விளைவு அமைய வேண்டும்.

புதிய இடர் ஒன்றும் வந்தது. காற்றோட்ட மூடி வழியே நீர் போவதால் ஐந்தாம் வாரத்தில் அகார் சுருங்கி, உப்பின் செறிவு ஏறி, இலை விளிம்புகள் காயத் தொடங்கின. குப்பிக்கு ஊற்றும் ஊடகத்தைக் கூட்டினோம். துணைவளர்ப்பைச் சரியாக நான்கு வாரத்தில் செய்வது என்று கட்டாயமாக்கினோம். அறையின் காற்றும் உலர்ந்திருந்ததால் விளக்கை ஒட்டிய மேலடுக்கைப் பயன்படுத்துவதை நிறுத்தினோம்.

வேர்விடல்: பழைய தளிரும் புதிய தளிரும்

இதுவரை வேர்விடுவதில் குழு கண்டது பெரும்பாலும் தோல்வியே. அரைச்செறிவு எம்.எஸ். ஊடகத்தில் லிட்டருக்கு 3 மி.கி. இண்டோல் பியூட்டிரிக் அமிலம் என்ற ஆக்சின் சேர்த்து நான்கு வாரம் வைப்பார்கள். ஐந்தில் ஒரு தளிர்கூட வேர்விடாது. விட்டதும் அடியில் திரண்ட கேலஸிலிருந்து கிளம்பும், தொட்டிக்கு மாற்றும்போது கேலஸோடு முறிந்து விழும். ஆக்சின் அளவை 1, 3, 5, 10 மி.கி. என்று மாற்றிப் பார்த்த பட்டியல்கள் பதிவேட்டில் பக்கம் பக்கமாக இருந்தன.

இங்கே இரண்டு மாற்றங்களைச் செய்தோம். ஒன்று, ஆக்சின் தரும் காலத்தை வெட்டியது. வேர்த் தோற்றுவி உருவாக ஆக்சின் வேண்டும், உருவான வேர் நீள அது தடை. எனவே 5 மி.கி. கொண்ட ஊடகத்தில் ஆறு நாள் இருளில் வைத்து, பிறகு ஹார்மோன் இல்லாத அரைச்செறிவுக் கரைசலில் நனைத்த, வெர்மிகுலைட் என்ற நுண்துளைக் கனிமத் துகளுக்கு மாற்றினோம். அகாரைவிட வெர்மிகுலைட்டில் காற்று அதிகம், வேரும் கிளைத்து உறுதியாக வளரும்.

மற்றது பெருக்கக் கட்டத்திலேயே செய்த மாற்றம், அதுவே முதன்மையானது. பென்சைல் அடினைனைச் செடி ஒன்பதாம் நைட்ரஜனில் குளுக்கோஸ் சேர்ந்த சேர்மமாக மாற்றித் தண்டின் அடியில் தேக்கி வைக்கும் என்பதும், எளிதில் சிதையாத அச்சேர்மம் வேர் தோன்ற வேண்டிய இடத்திலேயே தங்கி வேரைத் தடுக்கும் என்பதும் வேறு தாவரங்களில் காட்டப்பட்டவை. ஆக்சின் பட்டியல்கள் ஒவ்வொன்றும் இந்தத் தேக்கத்தோடு போராடிக்கொண்டிருந்தன என்றே எனக்குத் தோன்றியது. மெட்டா டோப்போலின் என்ற உறவுச் சைட்டோகைனின் அவ்வாறு தேங்குவது குறைவு. அதைப் பென்சைல் அடினைனுக்கு இணையான மோலார் அளவில் இட்டு, இரண்டு துணைவளர்ப்புக்குப் பின் பாதியாகக் குறைத்தோம். வேர்விடுவதற்கு முன் மூன்று வாரம் ஹார்மோன் இல்லாத ஊடகத்திலும் வைத்தோம்.

ஐயம் தீர்க்க ஓர் ஒப்பீடு தேவைப்பட்டது. பழைய முறையில் பெருகிய தளிர்களையும் புதிய முறையில் பெருகியவற்றையும் ஒரே நாளில், ஒரே வேர்விடும் ஊடகத்தில், ஒரே ஆறு நாள் இருளில் வைத்தோம். பழையவற்றில் நான்கில் ஒன்றுக்கும் குறைவாகவே வேர்விட்டன. புதியவற்றில் பாதிக்கும் மேல் விட்டன. அவ்வேர்கள் கேலஸிலிருந்து வராமல் தண்டின் பக்கவாட்டிலிருந்து நேரே வந்தன. வேர்விடும் ஊடகம் இரண்டுக்கும் ஒன்றே என்பதால், வேறுபாட்டுக்குக் காரணம் தளிர்களின் முந்தைய வாழ்க்கையே என்பது ஐயமின்றி விளங்கியது. பட்டியல்களைத் தொகுத்த மூத்த உதவியாளர் அந்தக் குப்பிகளைக் கையில் எடுத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

வன்மையாக்குதல்

வேர்விட்ட கன்றுகளை வெளிக்காற்றுக்குப் பழக்குவதே வன்மையாக்குதல். முதல் வேர்க்கன்றுகளைக் குழு ஈரம் மிகுந்த பீட் மண்ணில் நட்டு, பாலித்தீன் மூடி, காலையும் மாலையும் நீர் தெளித்தது. மற்றப் பயிர்களுக்கு வழக்கமான முறை அது. ஒரு தட்டு முழுவதும் பத்து நாளில் கழுத்தழுகி வீழ்ந்தது. பசுமைக்குடிலைக் கவனித்தவர், வயலில் இதே செடிக்கு வடிகால் இல்லாவிட்டால் வேர் அழுகும் என்பதை நினைவூட்டி, இரண்டு பங்கு பருமணலும் பெர்லைட்டும் ஒரு பங்கு பீட்டும் கலந்த கலவையைப் பரிந்துரைத்தார். நீரை மண்ணுக்குக் குறைத்து, காற்றின் ஈரப்பதத்தை மட்டும் முதல் வாரம் உயர்வாக வைத்து, நான்கு வாரத்தில் படிப்படியாகத் திறந்தோம்.

குப்பிக்குள் வளரும் இலைக்கு மெழுகுப் படலம் மெலிது, இலைத்துளைகள் மூடப் பழகியிருப்பதில்லை. வெளியே வந்ததும் வாடுவது அதனால்தான். காற்றோட்ட மூடியில் வளர்ந்த கன்றுகள் குப்பியிலேயே சற்று உலர்ந்த காற்றைக் கண்டவை. அவை வெளிவந்த முதல் நாளில் வாடுவது கண்கூடாகக் குறைந்தது. பிழைத்தவற்றின் பங்கும் கூடியது. நுனிக்கருகலுக்காக மாற்றிய மூடி இங்கேயும் உதவும் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை.

விளைவு

இரண்டு வழித்தளிர்களில் பணி நிலைபெற்றது. குப்பிக்குக் கிடைக்கும் தளிர் எண்ணிக்கை பழைய முறையைவிடக் குறைவு என்பதைச் சொல்லியாக வேண்டும், 4 மி.கி. பென்சைல் அடினைனில் நெருக்கமாக எழுந்த குட்டைத் தளிர்களை எண்ணினால் அதுவே வெல்லும். ஆனால் தொட்டியில் பிழைத்து நிற்கும் கன்றுகளை எண்ணியபோது புதிய முறை பல மடங்கு மேலாக இருந்தது. அதன் பிறகு குழுவின் மாதாந்தரக் கணக்கில் குப்பித் தளிர் எண்ணிக்கையை நீக்கிவிட்டு, தொடக்கத்தில் எடுத்த ஒரு பிரிகூறுக்கு எத்தனை கன்று தொட்டியில் மூன்று மாதம் கடந்தது என்ற ஒற்றை எண்ணை மட்டும் எழுதுகிறார்கள்.

முதல் கன்றுகள் நிலத்துக்குச் சென்றுள்ளன. விதைக்கன்றைப் போல ஆணிவேர் இவற்றுக்கு இல்லை. பக்க வேர்கள் ஆழம் போகின்றனவா என்று ஓரிரு கன்றுகளைத் தோண்டிப் பார்க்கும் திட்டம் உண்டு. அவை தாய்ச்செடியைப் போலவே காய்க்கின்றனவா என்பது பூத்துக் காய்த்த பிறகே தெரியும். கேலஸ் வழியே வந்த தளிர்களில் மரபு மாற்றம் நேர வாய்ப்பு அதிகம் என்பதால், கோண மொட்டிலிருந்து வந்தவற்றை மட்டும் நிலத்துக்கு அனுப்பினோம்.

மூன்றாவது தாய்ச்செடி மட்டும் இணங்கவில்லை. நுனிக்கருகல் அதிலும் நின்றது, தளிர் நன்றாகவே வளர்ந்தது, ஆனால் வேர்விடல் பத்தில் ஒன்றைத் தாண்டவில்லை. ஒரே இனத்தின் ஒரே பாலைச் சேர்ந்த செடிகளுக்குள்ளேயே இவ்வளவு வேறுபாடு இருக்கும்போது, தொடக்கத்தில் கலந்து வைத்த குப்பிகளின் கணக்கு ஏன் குழம்பியது என்பதும் அப்போதுதான் முழுமையாகப் புரிந்தது.

மறுபடி செய்தால் மாற்றுவன

கால்சியத்தையும் அம்மோனியத்தையும் ஒரே குப்பியில் சேர்த்து மாற்றியது என்னுடைய பிழை. நீர்கோத்தல் குறைந்ததில் எது எவ்வளவு பங்கு என்று எங்களால் இன்று பிரிக்க முடியவில்லை. காலம் குறைவு என்ற அவசரத்தில் அதற்கு ஒப்புக்கொண்டேன். அம்மோனியத்தை மட்டும் குறைத்த ஐந்தாவது வகைக் குப்பிகளை வைத்திருந்தால் பத்து நாள் வேலை கூடியிருக்கும், அவ்வளவே.

தாய்ச்செடிகளைக் கூரைக்கடியில் வைப்பதை, முதல் துண்டு எடுக்கும் நாளுக்கு மூன்று மாதம் முன்னரே செய்திருக்க வேண்டும். வேர்விடும் சோதனையை, பெருக்கம் நிலைபெறும் வரை காத்திராமல், ஒவ்வொரு துணைவளர்ப்பிலும் ஐந்தாறு தளிர்களைக் கொண்டு சிறிதாக நடத்தி வந்திருக்க வேண்டும்; அவ்வாறு செய்திருந்தால் பென்சைல் அடினைனை உயர்த்திய மாதத்திலேயே வேர்விடல் சரிந்தது தெரிந்திருக்கும். நடைமுறைக்கு மாறாக வைக்கப்பட்ட குப்பிகளைத் தள்ளிவிடும் வழக்கத்தை இப்போது கைவிட்டுவிட்டார்கள். தனிப் பக்கத்தில், நடந்த மாற்றத்தையும் குறித்து, அவற்றையும் எழுதுகிறார்கள். அந்தப் பக்கத்தை வாரந்தோறும் படிப்பது குழுத்தலைவரின் வேலை.

மூன்றாவது தாய்ச்செடியை வேரடியிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு வெட்டி விட்டிருக்கிறோம். முதிர்ந்த கிளைகளின் நுனியைவிட அடித்தண்டிலிருந்து எழும் துளிர்கள் இளமைத் தன்மை மிக்கவை, அவற்றுக்கு வேர்விடும் திறன் கூடுதல் என்பது கட்டைத் தாவரங்களில் பொதுவாகக் காணப்படுவது. வெட்டிய தண்டில் மொட்டுகள் உப்பத் தொடங்கியுள்ளன. நான்கு கணு நீளம் வந்ததும் புதிய பிரிகூறுகள் எடுக்கப்படும்.